பொஸ்போ-ஏர்க்: முயல் பொலிகுளோனலை வைச்சிருக்கிறதா, மாத்துறதா?

உவர்மலை:
வெஸ்டர்ன் புளொட்டில (புரதங்களை ஜெல்லில பிரிச்சு, மெம்பிரேனுக்கு மாத்தி, அன்டிபொடியால தேடுறது) பொஸ்போ-ஏர்க் 1/2, அதாவது பொஸ்பேற் ஏறின ஏர்க் புரதங்களைப் பார்க்கிற முயல் பொலிகுளோனல் அன்டிபொடியில (பிறபொருளெதிரி) புது லொட் வந்திருக்கு. 44, 42 கிலோடால்டன் பட்டைகள் மங்கல். 60க்குப் பக்கத்தில தடிப்பா இன்னொண்டு; பழைய லொட்டில அது இல்லை. அன்டிபொடியை 5% பால்மாவில 1:1000 ஆக் கலந்து, 4 பாகையில இரவு முழுக்க வைச்சன். கொழும்பிலிருந்து பஸ்ஸில வரேக்க ஐஸும் கரைஞ்சிட்டுது. திருப்பி அனுப்பவா?

நிலாவெளி:
லொட்டை விடுங்கோ, சாமானையே மாத்துங்கோ. பொலிகுளோனல் எண்டால் முயலின்ர சீரத்தில இருக்கிற பல அன்டிபொடிகளின்ர கலவை. முயல் மாறினால் கலவையும் மாறும், செத்தால் அதே கலவை திரும்பக் கிடைக்காது. றீகொம்பினன்ட் மொனோகுளோனல் எண்டால் ஆய்வுகூடக் கலங்களில செய்யிற ஒரே வகை அன்டிபொடி; அதுக்கு அமினோ அமில வரிசையே கையில இருக்கு.

உப்புவெளி:
அவசரப்படாதேங்கோ. கரைஞ்ச ஐஸ் பெரிய விசயமில்லை; 50% கிளிசரோலில இருக்கிற பிறபொருளெதிரி சில மணித்தியாலம் தாங்கும். அதை −80இல போட்டு உறைய வைக்கிறதுதான் பிழை. பால்மாவை முதல்ல நிப்பாட்டுங்கோ. அதில இருக்கிற கேசீனே பொஸ்பேற் ஏறின புரதம், அன்டிபொடியைத் தன்பக்கம் இழுக்கும். ரீபீஎஸ்-ருவீன் பஃபரில 5% பீஎஸ்ஏ (மாட்டுச் சீரம் அல்புமின்) போடுங்கோ.

இன்னொண்டு, திருமலை வெக்கையில கலங்கள் இருக்கிற பிளேற்றை மேசையில வைச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டால், பொஸ்பேற்றைக் கழட்டுற நொதியான பொஸ்பற்றேஸ் தன்ர வேலையை முடிச்சிடும். மீடியத்தை உறிஞ்சின கையோட 95 பாகை எஸ்டிஎஸ் பஃபரை ஊத்துங்கோ. சளி மாதிரி நூல் நூலா இழுபடும், அது டிஎன்ஏ. 26 கேஜ் ஊசியால அஞ்சாறு தரம் இழுத்துத் தள்ளினால் இளகும்.

நிலாவெளி:
மங்கலுக்குப் பால்மா காரணமா இருக்கட்டும். 60 எங்கயிருந்து வந்தது? பழைய லொட்டுக்கும் அதே பால்மாதானே! பொலிகுளோனல் பல இடத்தில பிடிக்கும் எண்ட பெருமையும் இங்க எடுபடாது. முயலுக்கு ஏத்தினது, ஏர்க் 1இல பொஸ்பேற் ஏறுற திரியோனீன் 202, தைரோசீன் 204 ரெண்டையும் சுத்தின சின்னப் பெப்டைட் (புரதத் துண்டு). பிடிக்க வேற இடம் ஏது?

உப்புவெளி:
அது நியாயம். ஆனா 60 என்னெண்டு பார்க்காமல் தீர்ப்புச் சொல்லேலாது. முதல் அன்டிபொடி இல்லாமல் ஒரு துண்டு ஓட்டுங்கோ. அதிலயும் 60 வந்தால் குற்றம் இரண்டாம் அன்டிபொடியில (முயல் அன்டிபொடியில ஒட்டிப் பட்டையைக் காட்டுறது). வராட்டி, புளொக் பண்ணின மெம்பிரேன் துண்டொண்டை லாம்டா பொஸ்பற்றேஸில ஊற வையுங்கோ. 42, 44 மறைஞ்சு 60 நிண்டால் பொஸ்பேற்றோட சம்பந்தமில்லாத ஒட்டல். மூண்டும் மறைஞ்சால் பொஸ்பேற் ஏறின வேற புரதம். லைசேற்றில (கலங்களை உடைச்செடுத்த சாறு) செய்யாதேங்கோ, பொஸ்பற்றேஸைத் தடுக்க அதில போட்ட வனடேற் லாம்டாவையும் முடக்கும்.

உவர்மலை:
பீஎஸ்ஏ இருக்கு, லாம்டா இல்லை. பழைய லொட்டில 8 மைக்ரோலீற்றர் மிச்சம்.

நிலாவெளி:
லாம்டா இல்லாட்டி, ஏர்க்கில பொஸ்பேற் ஏத்துற நொதியைத் தடுக்கிற யூ0126ஐக் கலங்களுக்குப் போடுங்கோ, 10 மைக்ரோமோலர், அரை மணித்தியாலம். பிறகு ஏர்க் பாதையைத் தூண்டுற ஈஜிஎஃப் 100 நானோகிராம்/மில்லிலீற்றர், 5 நிமிசம். அதுக்கும் 60 அசையாட்டி அது ஏர்க் பாதையில இல்லை. நான் சொன்னதில மாற்றமில்லை: ரெண்டு லொட்டின்ர அளவுகளை ஒரே வரைபில போடாதேங்கோ.

உப்புவெளி:
8 காணும். 1:1000 எண்டால் 8 மில்லிலீற்றர் வரும். 50 மில்லிலீற்றர் குழாய்க்குள்ள மெம்பிரேனைச் சுருட்டி உருட்டினால் 5 போதும். ஒரே ஜெல், ஒரே லைசேற், நடுவால வெட்டி ஒரு பாதிக்குப் பழசு, மற்றதுக்குப் புதுசு. ரெண்டையும் பீஎஸ்ஏயில.