ஊருக்குள் பெரிய கடை வந்த பிறகு: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோபி பக்கமிருந்து

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்கும் கொடிவேரிக்கும் நடுவில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் மெயின் ரோட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற கம்பெனி. திறந்த அன்றைக்கு ஊரே அங்கேதான் நின்றது, நானும்தான்.

அந்த வாரம் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு கிலோ சக்கரை வாங்கிட்டு வா சாமி, ஒறம்பரை வராங்க" என்றார். நானும் புதுக்கடைக்குப் போய்ச் சர்க்கரை கேட்டேன். அங்கே நின்ற பையன் வெளியூர். வெள்ளைச் சர்க்கரையை எடுத்துக் கொடுத்தான். நம்ம பக்கம் அதற்குப் பேர் அஸ்கா. சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரைதான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன்மேல் தப்பில்லை. அப்புறம் நானே தேடி அரைக்கிலோ பாக்கெட்டாக நாலு எடுத்து வந்தேன். பார்க்கப் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அமுச்சி ஒரு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். மூக்குப் பக்கம் கொண்டு போனார். "இதுல கரும்பு வாசமே இல்லியே" என்று சொல்லிவிட்டு அப்படியே மடித்து வைத்துவிட்டார்.

மறுபடி மாமா கடைக்குப் போனேன். மாமா என்றால் சொந்தமில்லை, சின்ன வயதிலிருந்து கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர் சரக்கெடுப்பது கவுந்தப்பாடியில். அங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் 60 கிலோ மூட்டையாக ஏலம் நடக்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் சர்க்கரை வாங்குவதும் அங்கேதான். மாமா சாக்கின் வாயை விரித்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். பழுப்பு நிறம், அங்கங்கே சின்னக் கட்டி, லேசான பிசுபிசுப்பு. "தம்பி, இது கொஞ்சம் ஈரம் வாங்கியிருக்குது. பாயாசத்துக்குன்னா எடுத்துட்டுப் போங்க. வெச்சிருந்து சாப்பிடறதுக்கு வேண்டாம், நாளான்னிக்குப் புதுசு வருது" என்றார்.

தன் கடைச் சரக்கையே வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் அந்தப் பெரிய கடையில் யாருமில்லை. என் மனசில் நின்றது அதுதான்.

இன்னொன்று அவருடைய கடன் கணக்கு நோட்டு. வாய்க்காலில் தண்ணீர் விட்டால்தான் எங்களுக்கு நடவு. நெல்லறுத்துக் காசு கைக்கு வர நாலு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் எண்ணெயும் பருப்பும் அந்த நோட்டில்தான் ஓடும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது அப்பாவின் சட்டைப்பையில் செல்லுகிற நோட்டு ஒன்றுகூட இல்லை. மாமா எதுவும் கேட்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் வெளியே போக முடியவில்லை. காலையில் திண்ணையில் பை இருக்கும். அமுச்சியின் வெற்றிலை பாக்கு உட்பட. நாங்கள் சொல்லாமலேயே வைத்திருப்பார்.

போன மாதம் அவர் கடை அலமாரியில் பாதி காலியாகக் கிடந்ததைப் பார்த்தேன். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரில் எப்படி?

பெருந்துறையிலிருந்து

நான் அந்த மாதிரிப் பெரிய கடையில் நாலு வருடம் பில் போட்டவள். ஒரு சங்கதி சொல்லவேண்டும். அங்கே நிற்கிற பிள்ளைகளுக்குக் கனிவு இல்லை என்று யாரும் நினைக்காதீர்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி வரைக்கும் நிற்கவேண்டும். கால் வீங்கிவிடும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போடவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எங்கள் கிளைக்கு ஸ்டூல் வந்தது. ஆனால் கூட்டம் இருக்கும்போது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முகம் மாறும்.

ஒரு ஆத்தா தினமும் வந்து ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்குவார். சுருக்குப்பையிலிருந்து சில்லறையை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பார். ஒருநாள் இரண்டு ரூபாய் குறைந்தது. "அப்புறம் கொடுங்க ஆத்தா" என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ராத்திரி கணக்கில் குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். என் கையிலும் அன்றைக்கு பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு இருந்தது. ஆத்தா பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மாமா நோட்டில் எழுதலாம், ஏனென்றால் அது அவர் கடை. எனக்கு அங்கே எழுதுவதற்கு நோட்டு கிடையாது.

ஆனால் ஒன்று, பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாம் அங்கேதான் எனக்கு முதல்முதலாகக் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன், உள்ளூர் முதலாளிதான். தீபாவளிக்கு ஒரு சேலை. அவ்வளவுதான்.

ஊர் பேர் வேண்டாம்

எல்லோரும் நோட்டைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிறீர்கள். எனக்கும் ஒரு மளிகைக்கடை ஞாபகம் இருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் போனால் படிக்குக் கீழேதான் நிற்கவேண்டும். அப்பா காசை வாசல் கல்லின்மேல் வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பொட்டலம் மேலேயிருந்து கைக்கு விழும். எனக்கு அப்போது எட்டு வயது. கண்ணாடி ஜாடியில் தேன்மிட்டாய் இருக்கும். ஜாடியைத் தொட்டுக் காட்டி "அது" என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை, தூரத்திலிருந்து கையைத்தான் நீட்டுவேன். கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தில் எல்லோரையும் நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் எங்களுக்குப் பிரச்சினையே.

சூப்பர் மார்க்கெட் திறந்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா ஒரு கூடையை எடுத்துக் கையில் மாட்டினார். வரிசை வரிசையாக நடந்தார். பருப்புப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார், இன்னொன்றை எடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. வாங்கியது கொஞ்சம்தான். வெளியே வந்து, "எல்லாத்தையும் தொட்டுப் பாத்தேன்" என்றார். விலை கூடவா குறைவா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கேதான் வாங்குகிறேன், இனிமேலும் அங்கேதான் வாங்குவேன்.

பவானியிலிருந்து

மேலே எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நான் மளிகைக்கடைக்காரர் மகன். எங்கள் கடையிலும் தாத்தா காலத்தில் ஒரு படி இருந்தது. அப்பா கடையை எடுத்துக் கட்டும்போது அந்தப் படியை இடித்துத் தரையைச் சமமாக்கினார். எதற்கு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. உங்கள் பதிவைப் படித்ததும்தான் அந்தப் படி ஞாபகம் வந்தது.

கணக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சோப்பு, பேஸ்ட், ஷாம்பு இதிலெல்லாம் எங்களுக்கு நிற்பது ரொம்பக் கொஞ்சம். ஏஜென்சி எங்களுக்குப் போடுகிற விலையைவிட, பெரிய கடை ஆஃபர் போட்டு வாடிக்கையாளருக்கு விற்கிற விலை குறைவாக இருக்கும் நாளும் உண்டு. அவர்கள் கம்பெனியிடமே லாரிக்கணக்கில் எடுக்கிறார்கள், நாங்கள் பெட்டிக்கணக்கில். அதில் போட்டி போட்டால் கடையை விற்கத்தான் வேண்டும்.

சில்லறையாக நிறுத்துக் கொடுக்கிற சரக்கில்தான் எங்கள் உயிர் இருக்கிறது. 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசி, பருப்பு, மாவுக்கு லேபிள் ஒட்டியிருந்தால் பிராண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று ஆனது. சாக்கிலிருந்து அள்ளி எங்கள் தராசில் நிறுத்துக் கொடுத்தால் அந்த வரி இல்லை. கால் கிலோ உளுந்து, ஐம்பது கிராம் வெந்தயம், அஞ்சு ரூபாய்க்குக் கடுகு என்று கேட்கிறவர்கள் இன்னமும் எங்களிடம்தான் வருகிறார்கள். அன்றன்றைக்குக் கூலி வாங்குகிற வீட்டில் ஒரு கிலோ பாக்கெட்டை எப்படி வாங்குவார்கள்?

அப்பா வருடா வருடம் மே 5 வணிகர் தினத்துக்குக் கடையை அடைத்துவிடுவார். 2012-ல் மத்திய அரசு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்கு அனுமதி கொடுத்தபோது ராத்திரி தூக்கம் இல்லாமல் கிடந்தார். கடைசியில் எங்கள் தெருமுனைக்கு வந்தது வெள்ளைக்காரன் கடை இல்லை, நம்ம பக்கத்துக் கம்பெனிதான். யோசித்தால் அது புதுசும் இல்லை. 1905-ல் வெண்ணெய் வியாபாரமாக ஆரம்பித்த நீலகிரீஸ் சூப்பர் மார்க்கெட் நமக்குப் பக்கத்து மலையில் பிறந்ததுதானே. சின்னக் கடையாக ஆரம்பித்தவர்கள்தான் பெரிய கடையாகிறார்கள். அதனால் அவர்களை எதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்பா ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணும்போது முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

கொடிவேரியிலிருந்து

எங்கள் வீட்டில் அணைக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவர்கள் தண்ணீர் பாட்டில், சிப்ஸ், ஜூஸ் எல்லாம் டவுன் பெரிய கடையில் வாங்கி மூட்டையாகக் கொண்டு வந்துவிடுகிறார்கள். முன்னெல்லாம் எங்கள் பெட்டிக்கடையில் அதுவும் ஓடும், இப்போது கோலி சோடாகூட நிற்கிறது. மீன் மட்டும் குறையவில்லை. அருவியில் குளித்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கல்லிலிருந்து எடுத்த மேனிக்கு இலையில் வைத்துக் கொடுக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. அம்மா பெட்டிக்கடைப் பலகையை எடுத்துவிட்டு இரண்டாவது கல் போட்டுவிட்டார்.

மறுபடியும் கோபி பக்கமிருந்து

எல்லோருக்கும் நன்றி. பேர் வேண்டாம் என்று எழுதியவரின் பதிவை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாமா கடை வாசலில் யார் எங்கே நிற்பார்கள் என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருடமாக அங்கே போகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்று சாயந்திரம் போய் வெகுநேரம் நின்று பார்த்தேன். எல்லோரும் ஒரே மேசைக்கு முன்னால்தான் நின்றார்கள். மாமாவும் எல்லோர் கையிலும்தான் கொடுத்தார். முன்னால் எப்படி என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கய்யன் காலத்துல அப்படித்தான் இருந்துச்சு தம்பி" என்றார்.

பவானிக்காரர் சொன்ன கணக்கையும் அவரிடம் சொன்னேன். இனிமேல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மிளகாய், மல்லி எல்லாம் உங்களிடம்தான், சோப்பும் பேஸ்ட்டும் மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளட்டுமா மாமா என்று கேட்டேன். கேட்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அதுக்கென்ன, வாங்குங்க" என்றார். அப்புறம் கல்லாவைத் திறந்து இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க அங்க போற அன்னிக்கு ஆஃபர் இருந்துச்சுன்னா எனக்கும் ஒரு பெட்டி துணி சோப்பு எடுத்துட்டு வந்துருங்க தம்பி. ஏஜென்சிக்காரன் போடற விலைக்கு எனக்குக் கட்டுபடி ஆவறதில்ல."

சனிக்கிழமை போகிறேன்.