காரைக்குடி – தொண்டி வழியில் படகு கட்ட இடம் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். 36 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்ட பாய்மரப் படகு ஒன்றை, மரைன் பிளைவுட்டும் (நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை) எபாக்சி பசையும் (இரு திரவங்களைக் கலந்து இறுக வைப்பது) கொண்டு நானே கட்டவிருக்கிறேன். சில ஆண்டுகள் பிடிக்கும் இவ்வேலைக்குக் குறைந்த வாடகையில் இடம் தேடுகிறேன்.

படகைக் கவிழ்த்த நிலையில் கட்டிப் பின்னர் புரட்ட வேண்டியிருப்பதால், 50 அடிக்கு 25 அடி தரையும், ஏறத்தாழ 16 அடி உயரக் கூரையும் தேவை. நம் பக்கத்து வெயிலில் எபாக்சி கலக்கும்போதே இறுகத் தொடங்கிவிடும், ஈரம் பட்டாலோ சரியாக ஒட்டாது என்பதால் திறந்தவெளி உதவாது. நண்பர் ஒருவர் தம் வீட்டு வளவையே (வீட்டின் நடு முற்றப் பகுதி) தர முன்வந்தார். அவர் அன்பு பெரிது, ஆனால் கட்டி முடித்த படகு நிலைவாசலைத் தாண்டாதே!

என் கணிப்பில், காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலைகளே பொருத்தமானவை: உயர்ந்த கூரை, சிமெண்டுக் களம், லாரி வந்துபோகும் வாசல், பெரும்பாலும் மும்முனை மின்சாரமும் இருக்கும். சாலையில் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர்தான், படகோ அதை மிஞ்சுவதால், கடலில் இறக்கத் தொண்டிக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லத் தனி அனுமதி பெற வேண்டும். எனவே குறுகிய தெருக்களும் தாழ்ந்த மின்கம்பிகளும் உள்ள இடங்களைத் தவிர்க்கிறேன்.

அத்தகைய ஆலையின் உரிமையாளரை அறிந்தவர்களும், அவ்வழியில் அகலச் சுமை ஏற்றிச் சென்ற அனுபவமுள்ளவர்களும் தெரிவிக்க வேண்டுகிறேன். கூரையை என் செலவில் பழுதுபார்த்து, அதை வாடகையில் கழித்துக்கொள்ளவும் சம்மதம். இரவில் இயந்திரம் ஓட்ட மாட்டேன்.