புதுப்பிப்பு: அந்த சப்மரைனர் சாயல் வாட்ச், எட்டு மாதம் கழித்து

ரோலெக்ஸ் சப்மரைனர் (நீரில் மூழ்குவோருக்கான டைவர் வாட்ச்) மாதிரியே இருக்கும் மலிவு வாட்ச் ஒன்றை வாங்கலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் காப்பி காப்பிதான் என்றார்கள், மீதிப் பேர் டயலில் சொந்தப் பெயர் இருந்தால் அது போலி ஆகாது என்றார்கள். சரி என்று வாங்கிவிட்டேன், எட்டு மாதமாகக் கையில்தான் இருக்கிறது.

உள்ளே ஓடுவது சீகோ குழுமத்தின் என்எச்35 மெஷின். முழுதாக முறுக்கினால் 41 மணி நேரம் ஓடும், அதனால் வெள்ளி இரவு கழற்றி வைத்தாலும் ஞாயிறு மதியம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு விநாடி முந்துகிறது, இந்த மெஷினுக்கு அது நல்ல கணக்கு. ஏமாற்றம் பெசல்தான், அதாவது டயலைச் சுற்றி கிளிக் கிளிக்காகத் திரும்பும் வளையம்: 12-க்கு நேராக நிற்க வேண்டிய முக்கோணம் அரைக் கிளிக் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது, ஒரு தடவை கண்ணில் பட்ட பிறகு மணி பார்க்கும்போதெல்லாம் அதுதான் முதலில் தெரிகிறது.

காப்பி என்ற வாதத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. கறுப்பு டயலும் சுழலும் பெசலும் ரோலெக்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை, 1953-லேயே பிளாங்பாங் என்ற சுவிஸ் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் டைவர் வாட்ச் அதே அமைப்பில் வந்தது. ஆனால் மெர்சிடிஸ் முள் (மெர்சிடிஸ் கார் சின்னம் போன்ற வட்டம் உள்ள மணி முள்), தேதிக்கு மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக அப்படியே எடுத்திருப்பது இப்போது எனக்கே உறுத்துகிறது. அடுத்தது சொந்த வடிவமைப்பு உள்ள சீகோ டைவராகத்தான் இருக்கும்.