பாக்கி வராமல் ஓப்பன் ஃபைல் கொடுக்கலாமா?

மதுரை டிசைனர்:
ஓர் இனிப்புக் கடைக்கு லோகோவும் அட்டைப்பெட்டி டிசைனும் செய்தேன். பேசியது 15,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000. தீபாவளி நெருக்கத்தில், "சிவகாசியில் பிளேட் போடக் காத்திருக்காங்க, ஃபைலை அனுப்புங்க, சாயங்காலம் ஜீபே பண்றேன்" என்றார் கடைக்காரர். கோரல்டிராவில் செய்த ஓப்பன் ஃபைலை, அதாவது யாரும் திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைலை, அப்படியே அனுப்பினேன். பெட்டி அடித்து, மைசூர்பாகு நிரப்பி விற்றும் முடித்துவிட்டார்கள். பாக்கி 10,000 இன்னும் வரவில்லை. இனி முழுப்பணம் வந்தால்தான் ஃபைல்.

விருதுநகர் மசாலா:
தம்பி, நான் பணம் கொடுக்கிற பக்கம். போன வருடம் பாக்கெட் டிசைனுக்கு முழுத்தொகையும் முன்னாடியே கொடுத்தேன். வந்த ஃபைலில் எழுத்தைக் கர்வ் ஆக்கவில்லை, அதாவது ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் மாறாதபடி வெறும் கோட்டு வடிவமாக்கவில்லை. அச்சகத்தில் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றன. டிசைனர் போனையே எடுக்கவில்லை. பணம் போன பிறகு எனக்கு என்ன பிடி?

மதுரை டிசைனர்:
அதற்குத்தான் வாட்டர்மார்க் போட்ட ஜேபெக் படம் காட்டுகிறோமே, அண்ணாச்சி.

விருதுநகர் மசாலா:
ஜேபெக்கில் எழுத்துப்பிழை தெரியும். அச்சுக்குச் சரிவருமா என்று தெரியாதே.

ஆல்பம் அக்கா:
ஜேபெக்கையும் முழுசாக நம்பாதீர்கள். நான் மாதிரிக்கு அனுப்பிய லோகோவை வேறொருவரிடம் கொடுத்து, அதன்மேலேயே டிரேஸ் செய்து வரைந்துகொண்டார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, தனியாகத் தொழில் செய்பவர் வரைந்த லோகோவுக்கு அவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். "முழுத்தொகை வந்த பிறகே உரிமை மாறும்" என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கல்யாண போட்டோ எடுப்பவர்கள் கவனம்: பணம் பேசி எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர்.

விருதுநகர் மசாலா:
10,000 ரூபாய்க்கு யாரம்மா கோர்ட்டுக்குப் போவார்கள்?

ஆல்பம் அக்கா:
வேலைக்கு முன்பே உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இருந்தால், 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி 45 நாளுக்குமேல் இழுத்தடிக்க முடியாது. தாமதத்துக்குக் கூட்டுவட்டி உண்டு. ஆன்லைனில் வீட்டிலிருந்தே மனு போடலாம். ஆனால் பணம் வர மாதக்கணக்காகும், அதனால் ஃபைலைக் கையில் வைத்திருப்பதுதான் பலம்.

மதுரை டிசைனர்:
அண்ணாச்சி, இப்படிச் செய்யலாமா? தூரத்திலிருந்தே இன்னொரு கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க உதவும் எனிடெஸ்க் வழியாக, என் கம்ப்யூட்டரிலேயே அச்சகக்காரர் ஃபைலைப் பார்க்கட்டும். கர்வ், நிறம், அளவு எல்லாம் சோதிக்கட்டும். அவர் சரி என்றதும் நீங்கள் பாக்கியை அனுப்புங்கள், அந்த நிமிடமே ஃபைல் வரும்.

விருதுநகர் மசாலா:
அது நியாயம். பிளேட் போடும்போது ஏதாவது இடித்தால் காசு வாங்காமல் திருத்தித் தரவேண்டும். அதையும் எழுதுங்கள்.

மதுரை டிசைனர்:
இரண்டு முறை திருத்தித் தருவேன், எழுதியே தருகிறேன். பாக்கி வராமல் மட்டும் கோரல் ஃபைல் கிடையாது.