மறு: ஸ்பாட்டிங் ஸ்கோப் – ‘ஊன்றுநோக்கி’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

முக்காலியில் பொருத்தி, தொலைவிலுள்ள பறவைகளை ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்குத் தமிழில் என்ன பெயர்? மூன்று நாளாகக் ‘கூர்நோக்கி’யா ‘களநோக்கி’யா ‘தரைநோக்கி’யா ‘புள்நோக்கி’யா என்று மடல்கள் பறக்கின்றன. நடுவில் தில்லி நண்பர் ‘புள்ளிநோக்கி’ என்று ஒன்றை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கருவியோடு மும்பை சேவ்ரிச் சேற்றங்கரையில் நாலு பருவம் நின்றவன் என்ற உரிமையில் நானும் நுழைகிறேன்.

> ஸ்பாட் என்றால் புள்ளிதானே? புள்ளிநோக்கி என்று நேராக வந்துவிடுகிறது.

நேராக வரவில்லை ஐயா, வழிதவறி வந்திருக்கிறது. அச்சொல் இங்கே வினை. கூட்டத்துக்குள் ஒன்றை அடையாளம் கண்டுகொள்வது. துப்பாக்கி சுடும் களத்தில் குண்டு இலக்கின் எந்த இடத்தில் பாய்ந்தது என்று பார்க்கவும் இதே கருவிதான்.

> கூர்நோக்கி: சுருக்கம், அழகு.

அழகுதான். ஆனால் வழக்கில் சிக்கிய சிறார்களைத் தங்கவைக்கும் இடத்துக்குத் தமிழக அரசு ‘கூர்நோக்கு இல்லம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டது. பேரனைக் கூர்நோக்கியோடு பார்த்தேன் என்று யாராவது ஊரில் சொன்னால் பாட்டி பதறிவிடுவாள். ‘புள்நோக்கி’யிலும் இப்படி ஒரு வம்பு இருக்கிறது. பழந்தமிழில் புள் பறவை மட்டுமல்ல, நிமித்தமும்கூட. பயணத்துக்கு நல்ல வேளையா என்று கேட்டு நம் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும்.

களநோக்கி, தரைநோக்கி இரண்டிலும் எனக்கு வேறு சிக்கல். ‘நோக்கி’க்கு முன்னால் இடப்பெயர் வந்தாலே அது திசை காட்டத் தொடங்கிவிடுகிறது. ‘பந்து தரைநோக்கி வந்தது’ என்பதில் கருவி எங்கே இருக்கிறது? தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், ‘தொலை’யும் ‘நுண்’ணும் போய்ச்சேரும் இடங்கள் அல்ல; பார்வையின் தன்மைகள். ஆகவே நாமும் இந்தக் கருவியின் பார்வை எப்படிப்பட்டது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது எனக்குப் பணம் போன பிறகுதான் புரிந்தது. கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறினால் அடுத்தது வடாலா, அதற்கடுத்தது சேவ்ரி. கடல் வற்றும்போது பூநாரைகள் (ஃபிளமிங்கோ) வெகுதூரம் தள்ளிப் போய்விடும். கையிலிருந்த 8 மடங்கு இருகண்நோக்கியில் (பைனாகுலர்) ஓர் இளஞ்சிவப்புக் கோடு தெரியும், அவ்வளவுதான். சிறு பூநாரையின் அலகு கருஞ்சிவப்பு; பெரிய பூநாரைக்கு வெளிறிய இளஞ்சிவப்பு அலகு, நுனி மட்டும் கறுப்பு. அந்த வேறுபாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறியில், 60 மி.மீ. விட்டமுள்ள பொருளருகு லென்ஸும் (முன்பக்க லென்ஸ்) 20 முதல் 60 மடங்கு வரை உருப்பெருக்கமும் கொண்ட ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் 60 என்ற எண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்ந்தேன்.

கணக்கு எளிது. லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 60 மடங்கில் எனக்குக் கிடைத்தது 1 மி.மீ.; விடியற்காலையில் அது ஏறக்குறைய இருட்டு. 80 மி.மீ. லென்ஸ் 20 மடங்கில் 4 மி.மீ. தரும், 60 மடங்கில் அதுவும் 1.3 மி.மீ.க்கு இறங்கிவிடும். வெயில் ஏறினாலோ சேற்றின்மேல் கானல் நெளியத் தொடங்கும்; பிறகு மடங்கைக் கூட்டினால் கானல்தான் பெரிதாகத் தெரியும். நான் இப்போது 30 மடங்கைத் தாண்டுவது அரிது.

இதைவிடப் பெரிய பாடம் முக்காலியில் கிடைத்தது. காசை மிச்சம் பிடிக்க வாங்கிய இலேசான முக்காலியில், கடற்காற்று வீசும்போதெல்லாம் பூநாரைகள் பரதநாட்டியம் ஆடின. பக்கத்தில் மேயும் கரைப்பறவை பவளக்காலியா பச்சைக்காலியா என்று காலின் நிறத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை. கனமான முக்காலியும், பாகில் நகர்வதுபோல் மெதுவாகத் திரும்பும் முக்காலித் தலையும் வாங்கிய நாளன்றுதான் அந்தப் பழைய லென்ஸின் அருமையே தெரிந்தது. கண்ணருகு லென்ஸ் 45 பாகை சாய்ந்திருக்கும் வகையை எடுத்தால் முக்காலியைத் தாழ்வாகவே வைக்கலாம். காற்றுக்கு அசைவதும் குறையும், குட்டையானவரும் நெட்டையானவரும் மாறி மாறிப் பார்க்கவும் வசதி. காருக்குள் இருந்து பார்ப்பவர்கள் நேர்வகைக்குப் போகட்டும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே 15 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆக, தரையில் ஊன்றினால்தான் இது கருவி. ஊன்றிய பிறகு செய்வதும் ஊன்றிப் பார்ப்பதுதான். இரண்டு வேலைக்கும் தமிழில் ஏற்கெனவே ஒரே வினை இருக்கும்போது நாம் ஏன் ஊர் சுற்ற வேண்டும்? ஊன்றுகோல் போல ஊன்றுநோக்கி. வினைத்தொகை, ஒற்றும் மிகாது. சாய்வகையைச் சாய் ஊன்றுநோக்கி என்றும் மற்றதை நேர் ஊன்றுநோக்கி என்றும் சொல்லிவிடலாம். மேலே சொன்ன ஒளிக்கற்றை அகலத்தை ஆங்கிலத்தில் ‘எக்ஸிட் பியூப்பில்’ என்கிறார்கள்; அதற்கு ‘வெளிப்பாவை’ சரிவருமா பாருங்கள். கண்ணின் நடுவே தெரியும் குட்டி உருவத்தை நாம் பாவை என்றோம். இலத்தீன்காரர்களும் அதைப் பொம்மைப் பெண் என்றுதான் அழைத்தார்கள்.

மாட்டுங்காவிலிருந்து,
சேற்றங்கரையான்

———

மதிப்பிற்குரிய சேற்றங்கரையாருக்கு,

ஊன்றுநோக்கி காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியாரால் சும்மா இருக்க முடியவில்லை. நிலாவையும் வியாழனையும் பார்க்கும் வானியல் தொலைநோக்கியையும் ஊன்றித்தானே பார்க்கிறோம்? நம் கருவியின் சிறப்பு, உள்ளிருக்கும் முப்பட்டகம் உருவை நிமிர்த்திக் காட்டுவது. வானியல் கருவியில் விண்மீன் தலைகீழாகத் தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை. நாரை தலைகீழாக நின்றால் பார்க்கச் சகிக்காது. ‘நிமிர்நோக்கி’யைப் பரிசீலிக்கக் கூடாதா?

பெங்களூரிலிருந்து,
வாத்தியார்

———

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம்.

குற்றம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிமிர்த்திக் காட்டுவது இருகண்நோக்கிக்கும் உண்டே. தவிர, நான்கு கால் இருக்கிறது என்று கட்டிலும் மேசையும் நாற்காலியின் பெயரைக் கேட்டு வழக்குப் போடவில்லை. வானியல்காரர்கள் கேட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறு விடியலில் சேவ்ரிக்குப் போகிறோம். உடன் வரும் பிள்ளைகளிடம் இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு, திரும்பும் ரயிலில் எது அவர்கள் வாயில் மிஞ்சுகிறது என்று எழுதுகிறேன். நீங்கள் மும்பை வரும்போது கனமான முக்காலியைச் சுமக்கும் பொறுப்பு உங்களுடையது.

சேற்றங்கரையான்