டக்ளஸ் ஆடம்ஸ் தொடரில் சிரிப்பு எதில் அதிகம்: முதல் நாவலிலா, நாலாவதிலா?

பாம்பன் பாலத்தடி:
டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ என்ற விண்வெளி நகைச்சுவை நாவல் வரிசையில் எனக்கு உயிர் நாலாவது நாவல்தான், 1984இல் வந்த ‘ஸோ லாங், அண்ட் தேங்க்ஸ் ஃபார் ஆல் தி ஃபிஷ்’. பூமி அழியப்போவது தெரிந்து முன்கூட்டியே கிளம்பிவிட்ட ஓங்கல்கள் (டால்பின்கள்) மனிதர்களுக்கு விட்டுப்போன சேதி அது: ‘போய் வருகிறோம், இத்தனை மீனுக்கும் நன்றி.’ தடைக்காலத்தில், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தபோது படித்தேன். தலைப்புக்கே சிரித்துவிட்டேன். தென்கடலில் அப்பா வலை வாங்கும்போது ஓங்கல் வந்து, பட்ட மீனைப் பாதியாகக் கடித்துக்கொண்டு போகும். மீதி தலை மட்டும் கண்ணியில் தொங்கும். அப்பா திட்டமாட்டார், “அதுக்கும் பங்கு உண்டுல்ல” என்பார். அந்த ஓங்கல் நன்றி சொல்லிவிட்டுப் போகிறது என்று எங்கோ இங்கிலாந்தில் ஒருத்தர் எழுதியிருக்கிறார்!

கீழக்கரை வாசகன்:
தலைப்பு அருமைதான் தம்பி. ஆனால் நகைச்சுவை என்றால் 1979இல் வந்த முதல் நாவல். புறவழிச்சாலைக்காகக் கதாநாயகன் ஆர்தரின் வீட்டை இடிக்க வருகிறார்கள். அறிவிப்பு எங்கே இருந்தது? நிலவறையில், பூட்டிய அலமாரிக்குள். அலமாரி இருந்த பாழடைந்த கழிப்பறையின் கதவில் ‘சிறுத்தை இருக்கிறது, ஜாக்கிரதை’ என்று பலகை. அன்றைக்கே வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் வந்து, விண்வெளிப் பாதைக்காகப் பூமியையே இடிக்கிறார்கள்; அந்த அறிவிப்பும் 50 வருடமாக வேறொரு நட்சத்திரத்தில் ஒட்டியிருந்ததாம். ஒரு பட்டாவுக்காக அலைந்தவன் நான். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவதில் பூமி எப்படியோ திரும்ப வந்துவிடுகிறது, பாதிக்கு மேல் இங்கிலாந்திலேயே காதல் கதை. முந்தைய நாவல்களில் கலக்கிய ஸாஃபோட் வரவே இல்லை. பதிப்பாசிரியர் சோனி மேத்தா ஹோட்டல் அறையில் கூடவே உட்கார்ந்து எழுதி வாங்கிய புத்தகம் அது. அந்த அவசரம் தெரிகிறது.

தொண்டி டீச்சர்:
காக்கா, ராப் மெக்கென்னாவை மறந்துவிட்டீர்களே! அந்த லாரிக்காரன் எங்கே போனாலும் மழை பின்னாலேயே வரும். தான் மழைக் கடவுள் என்று அவனுக்கே தெரியாது. நனைந்து நனைந்து மழையில் 231 வகை எண்ணி வைத்திருக்கிறான். படிக்கும்போது என் தாத்தா நினைவு வந்தது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். முகத்தில் படும்போதே எது என்று சொல்லிவிடுவார். கடைசியில் விடுமுறை விடுதிக்காரர்கள், எங்கள் பக்கம் வராதே என்று மெக்கென்னாவுக்குப் பணம் கொடுக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு வந்திருந்தால் கண்மாய்க்கரையிலேயே வீடு கட்டிக் கொடுத்திருப்போம். முதல் நாவலின் சிரிப்பு கோபத்திலிருந்து வருகிறது. இது பிரியத்திலிருந்து வருகிறது.

கீழக்கரை வாசகன்:
சரி, மழைக்காரனை ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். பிரியம் இருந்தால் சிரிப்பு கூடிவிடுமா என்ன? மார்வினைச் சாகடித்தாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? முதல் நாவலில் அந்த ரோபோ அலுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வரிக்கும் சிரித்தவன் நான்.

பாம்பன் பாலத்தடி:
அந்த இடத்துக்காகத்தான் அண்ணே இந்த நாவலே. காலத்தில் முன்னும் பின்னும் போய்ப் போய், பிரபஞ்சத்தைவிட 37 மடங்கு வயதாகிவிட்ட ரோபோவை ஆர்தரும் அவன் காதலி ஃபென்சர்ச்சும் தாங்கிக்கொண்டு போகிறார்கள். கடவுள் தன் படைப்புக்கு விட்டுவைத்த கடைசிச் சேதியை எழுத்து எழுத்தாக வாசிக்கிறது: ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் சொல்கிற அதே வாக்கியம். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. வாழ்நாளெல்லாம் புலம்பிய மார்வினுக்கு அதுவே போதுமாக இருக்கிறது, நிம்மதியாகக் கண் மூடுகிறது. அப்புறம், அவசரத்தில் எழுதினார் என்கிறீர்கள். ஓங்கல்கள் மேல் அவர் வைத்தது அவசரப் பாசமில்லை. அழிந்துகொண்டிருந்த யாங்சி ஆற்று ஓங்கலைத் தேடிச் சீனாவுக்கே போனார். 1990இல் வந்த ‘லாஸ்ட் சான்ஸ் டு ஸீ’யில் அது இருக்கிறது.

கீழக்கரை வாசகன்:
அதை நான் படித்ததில்லை. இருந்தால் கொடு தம்பி, ஞாயிற்றுக்கிழமை மண்டபம் வருகிறேன். மார்வின் இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது உண்மை. ஆனாலும் சிறுத்தைப் பலகையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.