கிரெடிட் கார்டும் விசுவாசியின் கணக்கும்: அனுபவப் பகிர்வு

சபைப் பொருளாளராக ஊழியம் செய்யும் சகோதரர்:

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். சபைக் கணக்கைப் பார்க்கிறவனிடம் குடும்பக் கணக்கையும் கொண்டுவந்து ஆலோசனை கேட்கிறவர்கள் உண்டு. அப்படி வந்த ஓர் இளம் சகோதரரின் அனுபவத்தை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். காணிக்கையில் ஒருபோதும் தவறாதவர் அவர். கட்டட நிதிக்குக் கொடுப்பதாகச் செய்த பொருத்தனையைக்கூட கிரெடிட் கார்டு மூலமாகவே செலுத்திவந்தார். "மாதாமாதம் கட்ட வேண்டியதைக் கட்டிவிடுகிறேன் பிரதர், ஆனாலும் கையில் ஒன்றும் நிற்பதில்லை" என்றார். பில்லை வாங்கிப் பார்த்தபோது, அவர் கட்டிவந்தது குறைந்தபட்சத் தொகை மட்டுமே என்பது தெரிந்தது.

அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் விழாது, வங்கியிலிருந்து யாரும் அழைத்துக் கேட்கவும் மாட்டார்கள். ஆகவே கடன் அடைந்துகொண்டிருக்கிறது என்று மனது நம்பிவிடுகிறது. இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். நிலுவை 100 என்றும், மாத வட்டி 3 சதவீதம் என்றும், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டோம். புதிதாக எதையும் வாங்காமல் ஓராண்டு முழுவதும் ஒழுங்காகக் கட்டினால் கையைவிட்டுப் போவது சுமார் 55. அதில் கடன் குறைவது 23 மட்டுமே, மற்ற 32-ம் வட்டிக்கே போகிறது. இது போதாதென்று, முழுத் தொகையையும் கட்டாதவருக்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை. அடுத்து வாங்கும் பொருளுக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. பில்லின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த அந்த நிபந்தனையை அவர் விரல் வைத்து இரண்டு முறை வாசித்தார்.

"அப்படியானால் காணிக்கையை நிறுத்தச் சொல்கிறீர்களா? வேதத்தில் வரும் ஏழை மக்கெதோனியா சபையார் தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்களே" என்று கேட்டார். நியாயமான கேள்வி, மேடையிலிருந்து நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் பகுதியும் அதுவே. ஆனால் அவர்கள் தங்களுக்கு இருந்த கொஞ்சத்திலிருந்து கொடுத்தார்கள். பிறரிடம் வட்டிக்கு வாங்கிக் கொடுத்ததாக வேதம் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில், ஒருவனுக்கு மனவிருப்பம் இருந்தால் அவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று பவுல் தெளிவாக எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:12). கார்டின் வரம்பு நமக்கு உள்ளதன்று, வங்கிக்கு உள்ளது. போதகரும் அவரோடு பேசி, கடன் அடையும்வரை பொருத்தனையைத் தள்ளிவைக்கச் சொன்னார். அதன்பின் எங்கள் சபையில் காணிக்கைக்குக் கார்டுகளில் டெபிட் கார்டை மட்டுமே ஏற்றுக்கொள்கிறோம். வசூல் குறையும் என்று சிலர் வருந்தினார்கள். குறைந்தாலும் இதுவே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

ஜெபக்குழுவை நடத்தும் சகோதரி:

என்னிடம் வந்தது வேறு விதமான வேண்டுகோள். குழுவிலுள்ள ஒரு தங்கை, "அக்கா, உங்கள் கார்டில் ஒரு போன் வாங்கிக்கொள்கிறேன், தவணையை மாதாமாதம் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்" என்று கேட்டாள். விசுவாசக் குடும்பத்துக்குள் இப்படிக் கேட்டால் மறுப்பது கடினம். மறுத்தால் அன்பில்லாதவள் என்று ஆகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கும். கார்டைக் கொடுப்பது நடைமுறையில் பிணை நிற்பதுதான்; கடன் என் பெயரில் நிற்கும், தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறேனா என்று காட்டும் என் கடன் மதிப்பெண் இறங்கும், எங்கள் இருவருக்கும் இடையே ஜெபிக்கக்கூட முடியாத ஒரு கசப்பு வந்துவிடும். மற்றவனுடைய கடனுக்குக் கையடித்துக் கொடுக்க வேண்டாம் என்று நீதிமொழிகள் 22:26, 27 எச்சரிப்பதை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். பிறகு என் கணவரிடம் கலந்துபேசி, திரும்ப எதிர்பாராமல் கொடுக்கக்கூடிய ஒரு தொகையைக் கொடுத்தோம். அவள் சாதாரணமான ஒரு போனை வாங்கிக்கொண்டாள். இன்றும் எங்களோடு ஜெபிக்க வருகிறாள்.

வங்கியில் பணிபுரியும் சகோதரர்:

கார்டை வெட்டி எறிந்தால்தான் பரிசுத்தம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. கோபுரம் கட்டுகிறவன் முன்பு உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்னதை (லூக்கா 14:28) வாங்குவதற்கு முன்னரே செய்கிறவருக்குக் கார்டு ஒரு வசதிதான். தானாகப் பணம் செலுத்தும் வசதியில் குறைந்தபட்சத் தொகை, முழுத் தொகை என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். முதலாவதை அறியாமல் தெரிவுசெய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். கார்டிலிருந்து ரொக்கமாக எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்; அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு, பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள், கடன்காரனுக்குப் பயந்து எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையின் சம்பவத்தை மறுபடியும் வாசியுங்கள் (2 இராஜாக்கள் 4). அவளிடமிருந்த கொஞ்சம் எண்ணெய் அற்புதமாகப் பெருகியபின் அவளுக்குக் கிடைத்த கட்டளையில், விற்றுக் கடனைத் தீர்ப்பது முதலில் வருகிறது, மீந்ததைக்கொண்டு ஜீவிப்பது அடுத்ததாக வருகிறது. கார்டுகள் பல இருந்தால், எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிச்சம் பிடித்த பணம் முழுவதையும் வட்டி அதிகமுள்ள கார்டுக்குக் கட்டுங்கள். நிலுவையைக் குறைந்த வட்டியுள்ள தவணைக் கடனாக மாற்றித் தர முடியுமா என்று வங்கியில் நேரில் கேளுங்கள். மாற்றித் தருவதாகச் சொன்னால், வட்டி விகிதத்தையும் கட்டணங்களையும் எழுத்துமூலமாக வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.